ஊசி கொடுத்தார்கள், நோய் அடங்கியது

கேள்வி: அமெரிக்காவில் பணத்துக்கா பஞ்சம்? அங்கேயும் சின்ன ஊர்களில் வைத்திய வசதி இல்லை என்கிறார்களே, நம்பலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாக நம்பலாம். இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் கவுண்டி என்று ஒன்று. நம் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவுதான், ஆனால் மக்கள்தொகையில் நம் தாலுகாவுக்குக்கூடத் தேறாது. அங்கே ஆஸ்டின் என்ற சிற்றூர். அப்போது சுமார் 4,000 பேருக்கு ஒரே டாக்டர். வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் போதைப் பழக்கம் அந்த ஊரைப் பிடித்தது. சில வீடுகளில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையும் ஒரே ஊசியை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டார்கள். எச்.ஐ.வி. பரவச் சொல்லியா கொடுக்க வேண்டும்? 2015இல் வெடித்தது; பாதிக்கப்பட்டோர் 200ஐத் தாண்டினார்கள்.

கவுண்டியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவந்த ஒரே கிளினிக், நிதி வெட்டுக்குப் பின் 2013இலேயே மூடப்பட்டிருந்தது!

ஒரே ஊசியைப் பகிராமல் இருக்க, போதைப் பழக்கம் உள்ளவர்களுக்குப் புது ஊசி கொடுப்பது ஒரு வழி. அப்போதைய ஆளுநர் மைக் பென்ஸ் அதை எதிர்த்தவர். வேறு வழியின்றி 2015 மார்ச்சில் அவசரநிலை அறிவித்து, புது ஊசி விநியோகத்துக்கு அனுமதி தந்தார். கூடவே பரிசோதனை, சிகிச்சை, காப்பீட்டுப் பதிவு எல்லாம் ஒரே இடத்தில். புதிய தொற்று மளமளவென்று குறைந்தது.

பிறகு? 2021இல் கவுண்டி ஆணையர்கள் மூவரில் இருவர் ஓட்டுப்போட்டு அந்த ஊசித் திட்டத்தையே நிறுத்தினார்கள். என்னைக் கேட்டால், சுத்த அசட்டுத்தனம்.