தொப்பி ஏன் சுவரைத் தாண்டுகிறது?

2020 மார்கழியில் கச்சேரிகள் இணையத்துக்குப் போனபோது மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் எத்தனையோ படுக்கையறைகள் பதிவறைகளாயின. அன்று முதல் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். பாடுபவர் ஹாலில், மிருதங்கம் உள்ளறையில். இருந்தும் பாட்டு மைக்கில் மிருதங்கம் விழுகிறதே, என்ன செய்ய? கேட்ட கையோடு, முட்டை அட்டை ஒட்டலாமா என்றும் கேட்பார்கள்.

நம்பிக்கை: முட்டை அட்டையோ ஃபோமோ ஒட்டினால் சத்தம் வெளியே போகாது

போகும். அறைக்குள் எழும் எதிரொலியைத் தணிப்பது ஒரு வேலை. ஒலியை அடுத்த அறைக்குப் போகாமல் தடுப்பது வேறு வேலை. முதலாவதற்கு மெத்தென்ற, காற்று புகும் பொருள் வேண்டும். இரண்டாவதற்கு எடை வேண்டும். தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 5, 6 டெசிபல் குறையும். செங்கல் சுவரின் எடையோடு முட்டை அட்டை எதைக் கூட்டிவிடப் போகிறது? தெர்மாகோலும் அப்படித்தான்.

சாதாரண சோபா ஃபோமைச் சுவரில் ஒட்டாதீர்கள். பாலியூரித்தேன் ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும்; அதன் புகை நஞ்சு. ஒயர்கள் நிறைந்த, ஒரே வாசல் உள்ள அறையில் அது உயிருக்கே ஆபத்து. எதிரொலிதான் தொல்லை என்றால் ஜமுக்காளம், பஞ்சு மெத்தை, துணி நிறைந்த பீரோவின் திறந்த கதவு, இவை போதும்.

நம்பிக்கை: சுவர் சரியில்லை, அதனால்தான் கசிகிறது

முதலில் கதவைப் பாருங்கள். என் வீட்டில் ஒரு பதிவு. அண்ணன் மகள் ஹாலில் பாட, நண்பர் உள்ளறையில் மிருதங்கம். "சித்தப்பா, ஹெட்போன கழட்டினாலும் சொல்லெல்லாம் தெளிவா கேக்குது" என்றாள். அந்தத் 'தெளிவா' என்ற சொல்தான் துப்பு. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் எழும் 'நம்', சாப்பு எல்லாம் துல்லியமாக வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க அன்று இரவு ஹால் விளக்கை அணைத்து, உள்ளறை விளக்கைப் போட்டேன். கதவுக்கு அடியில் வெள்ளையாக ஒரு கோடு. நிலையின் ஓரத்தில், கீல் பக்கம், இன்னொன்று. ஏசி பைப் போகும் துளையைச் சுற்றி ஒரு வளையம். வெளிச்சம் வரும் வழியெல்லாம் ஒலியும் வரும்.

3 அடி அகலம், 7 அடி உயரமுள்ள கதவுக்கு அடியில் அரை அங்குல இடைவெளி என்றால், அது கதவின் பரப்பில் 0.6 சதவீதம்தான். ஆனால் அந்தச் சந்து இருக்கும்வரை, இரும்புப் பலகையால் கதவு செய்தாலும் சுமார் 22 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. 9 அங்குலச் செங்கல் சுவரோ இருபுறமும் பூசினால் 50 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். சுவரின் உழைப்பையெல்லாம் ஒரு சந்து வீணாக்கிவிடுகிறது.

நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் இறுக்கமாகச் சுருட்டிய பழைய வேட்டி, பைப் துளைக்குப் புட்டி. மறுநாள் 'நம்'மும் சாப்பும் மங்கிவிட்டன. இடப்பக்கமான தொப்பியின் 'தோம்' மட்டும் வந்துகொண்டிருந்தது.

நம்பிக்கை: ஓட்டையை அடைத்தால் எல்லாம் நின்றுவிடும்

அந்தத் 'தோம்' சுவரையே அசைத்துக்கொண்டு வருவது. ஒலி ஒரு ஸ்தாயி கீழே போனால், அதே சுவர் அதைத் தடுக்கும் திறன் சுமார் 6 டெசிபல் குறைகிறது. ரவை அப்பிய தொப்பியின் ஆழ்ந்த நாதத்துக்கு நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் பெரிய தடை இல்லை. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் தடிமனாக, கனமாக நின்றன. இன்றைய அடுக்ககங்கள் பலவற்றில் செங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்கே உள்ள ஏஏசி பிளாக் சுவர்கள்.

முறையான மருந்து, பழைய சுவரைத் தொடாமல் தனிச் சட்டத்தில் நிற்கும் இரண்டாவது சுவர்: இரட்டை ஜிப்சம் பலகை, இடையில் ராக்வூல். வாடகை வீட்டில் அதற்கு வழியில்லை. நாங்கள் மிருதங்கத்தை நடைக்கு அப்பால் உள்ள கடைசி அறைக்கு மாற்றினோம். நடுவே இரண்டு கதவுகள், ஒரு நடை. செலவில்லாமல் கிடைத்த பெரிய லாபம் அதுதான். கீழ்வீட்டுக்காரர்களுக்காக, தடித்த ரப்பர் பாய் மேல் பிளைவுட் பலகை போட்டு நண்பரை உட்கார வைத்தோம்.

நம்பிக்கை: ராத்திரியில் எடுத்தால் போதும்

தெருச் சத்தம் குறையும்; கசிவு குறையாது. இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, பகலில் 55. தூங்கும் குழந்தைகளும் நோயாளிகளும் உள்ள கட்டடத்தில் நள்ளிரவில் தொப்பி வாசிப்பது தவறு. எனக்குப் பிடித்த நேரம் மதியம் 2 முதல் 4.

நம்பிக்கை: வீட்டில் நல்ல பதிவு வராது

ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறம் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற பதிவறையை அமைத்தது 1989-இல். அங்கே உருவான 'ரோஜா' 1992-இல் வந்தது. இன்னொன்று: சிந்தசைசரின் ஒலி கம்பி வழியே நேராகப் பதிவாகும். காற்றில் வராததால் கசியவும் செய்யாது. கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் சுவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நம்பிக்கை: கசிவே இருக்கக் கூடாது

சினிமாப் பாட்டுபோல் ஒவ்வொரு டிராக்கையும் தனியாக வெட்டி ஒட்ட வேண்டுமானால், ஆம். கச்சேரிப் பாட்டுக்கு அப்படி இல்லை. பாடகர் அடுத்த சங்கதிக்கு மூச்சு இழுப்பதை மிருதங்கக்காரர் கண்ணால் பார்க்க வேண்டும். கோர்வை முடிவில் இருவர் முகமும் சந்திக்க வேண்டும். ஒரே அறையில் உட்காருங்கள். கார்டியாய்டு மைக்கின் பின்பக்கம் ஏறக்குறைய செவிடு. அந்தப் பக்கம் மிருதங்கத்தை நோக்கட்டும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். மைக்கை வாய்க்கு ஒரு அடியில் வைத்து, மிருதங்கத்தை அந்த மைக்கிலிருந்து ஆறேழு அடி தள்ளி வைத்தால் போதும். தம்புரா மட்டும் ஹெட்போனில்.

அண்ணன் மகளும் நண்பரும் கடைசியில் ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து எடுத்த மூன்றாவது டேக்கைத்தான் வைத்துக்கொண்டோம். பாட்டு மைக்கில் 'தோம்' லேசாக இருக்கிறது. அனுபல்லவி முடிவில், அவள் நிறுத்திய இடத்தில், அது அவளோடேயே நிற்கிறது.