மயிலாய் மாறும் மனிதர்கள்

சிங்க நடனம் நமக்குப் புதிதன்று. சீனப் புத்தாண்டு பிறந்துவிட்டால் ரவாங் கடைவீதியிலும் அதன் முரசொலி கேட்கும். ஆனால், சீன நாட்டில் மயிலைப் போல ஆடும் நாட்டுப்புற நடனமும் உண்டு என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

சீனாவின் தென்மேற்கு எல்லையில் உள்ளது யுன்னான் மாநிலம். அங்குள்ள சிசுவாங்பன்னா, தெஹோங் ஆகிய பகுதிகளில் 'டாய்' இன மக்கள் வாழ்கின்றனர். தேரவாத பௌத்தத்தைப் பின்பற்றும் இவர்களுக்கு, மயில் நற்பேற்றின் அடையாளம். ஏப்ரல் மாதத்தில், ஒருவர்மீது ஒருவர் நீர் தெளித்துப் புத்தாண்டைக் கொண்டாடும்போது மயில் நடனமும் இடம்பெறும்.

முற்காலத்தில் இந்நடனத்தை ஆண்களே ஆடினர். மூங்கில் சட்டத்தில் துணி போர்த்தி, மயிலின் சிறகையும் தோகையையும் அமைத்து உடலோடு கட்டிக்கொண்டனர். தலையில் கூர்மையான கிரீடமும் முகத்தில் முகமூடியும் அணிந்தனர். 'யானைக்கால் மத்தளம்' எனப்படும் நீண்ட தோற்கருவியும் சேகண்டியும் கைத்தாளமும் ஒலிக்க, மயில் நீர் அருந்துவதையும் குளிப்பதையும் சிறகை உலர்த்துவதையும் தோகை விரிப்பதையும் ஆடிக் காட்டினர். முழங்காலை மடக்கி நிமிர்த்தும் அசைவு இந்நடனத்தின் உயிர்நாடியாகும்.

இருபதாம் நூற்றாண்டில் மயில் நடனம் மேடையேறியது. சட்டமும் முகமூடியும் விலகின. பெண்களும் ஆடத் தொடங்கினர். 1957இல் மாஸ்கோவில் நடைபெற்ற உலக இளைஞர் விழாவில் மயில் நடனம் தங்கப் பதக்கம் வென்றது. 1986இல் யுன்னானைச் சேர்ந்த யாங் லிப்பிங் 'மயிலின் ஆன்மா' என்ற தனிநடனத்தைப் படைத்தார். அதில் அவர் விரல்களே மயிலின் அலகாகவும் கொண்டையாகவும் மாறின. பரதநாட்டியத்திலும் மயூர முத்திரை உண்டு. கட்டைவிரலும் மோதிரவிரலும் கூடினால் அங்கும் ஒரு மயில் பிறக்கும்!

டாய் மக்களிடையே மயில் இளவரசியின் கதை ஒன்று வழங்குகிறது. போருக்குச் சென்ற கணவன் திரும்புவதற்குள், பழி சுமத்தப்பட்ட அவளுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. இறுதியாக ஒருமுறை ஆட அனுமதி கேட்கிறாள். ஆடியபடியே வானில் பறந்து தப்புகிறாள். இக்கதையின் வேர் இந்தியாவின் பௌத்த இலக்கியத்தில் உள்ளது. அங்கு அவள் பெயர் மனோகரை. சாவகத்தின் போரோபுதூர் சிற்பங்களிலும் அவள் கதை இடம்பெற்றுள்ளது. நம் நாட்டின் கிளந்தானில் ஆடப்படும் 'மெனோரா' நடன நாடகத்தின் பெயரும் அவளிடமிருந்து வந்ததே. தொலைதூர நடனம் என்று நாம் எண்ணியது நமக்கு உறவாகிவிடுகிறது, அல்லவா?

மேடை நடனம் உலகப் புகழ் பெற்றாலும், மூங்கில் சட்டம் சுமந்து ஆடும் பழைய முறையைக் கற்பவர்கள் குறைந்தனர். 2006இல் சீன அரசு மயில் நடனத்தைத் தேசிய மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் ஒரு கலையின் பெயரைக் காக்கும். கலையைக் காப்பது கற்பவரின் உடலும் உழைப்பும்தான். முருகன் கோயில் விழாக்களில் ஆடப்படும் நம் மயிலாட்டத்திற்கும் இது பொருந்தும். அலகை நூலால் அசைக்கும் அந்த நுட்பத்தை ஓர் இளைஞர் கேட்டுக் கற்றால்தான், அடுத்த தலைமுறையிலும் அந்த மயில் ஆடும்.

சிந்தித்துக் கூறுக
1. மேடைக்காக மாற்றப்பட்டதால் மயில் நடனம் பெற்றது யாது? இழந்தது யாது?
2. உன் வட்டாரத்தில் கற்பவரின்றி மறைந்து வரும் கலை ஒன்றனைக் குறிப்பிட்டு, அதனைக் காக்க நீ செய்யக்கூடியதை விளக்குக.