பாலைக்குப் போனால் மூச்சு சீராகுமா?

கேள்வி: ஓய்வுபெற்றவன். ஆஸ்துமா உண்டு. ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டை விற்றுவிட்டு ராஜஸ்தானில் அமைதியான ஊரில் குடியேறலாமா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: விற்காதீர்கள். மதனப்பள்ளியிலும் தாம்பரத்திலும் காசநோயாளிகளுக்கு சானடோரியம் கட்டியது நல்ல காற்றை நம்பித்தான். ஆனால் 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமாவதைக் காட்டியது. காசநோய் வேறு, ஆஸ்துமா வேறு என்பீர்கள். சரி, அமெரிக்காவின் டூசான் நகரைப் பாருங்கள். உலர்ந்த பாலை என்று ஆஸ்துமாக்காரர்கள் அங்கே குவிந்தார்கள். நிழலுக்கு வைத்த மல்பெரியும் ஆலிவும் மகரந்தத்தைக் கொட்டின. 1980களில் அவற்றை விற்கவே தடை போட வேண்டியதாயிற்று. ராஜஸ்தானில் கோடைப் புழுதிப்புயல் வேறு. உங்கள் ஊர் ஏரிக்கரைச் சீமைக்கருவேலம் அங்கேயும் நிற்கிறது (ஒழிக்க முடியாத சனியன்!), அதன் மகரந்தமும் ஒவ்வாமை தருவதே.

ஈரம் குறைந்தால் தூசிப்பூச்சி குறையும் என்பது உண்மைதான். அதற்குப் படுக்கை விரிப்பை வாராவாரம் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டாலே ஓரளவு குறையும். மனம் கேட்கவில்லையா, தருமபுரிப் பக்கம் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்கு முன், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் நுரையீரல் மருத்துவரிடம் இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறீர்களா என்று காட்டிக் கேளுங்கள்.