பிள்ளைகளுக்கு மனதை ஆளக் கற்றுக் கொடுப்போம்

 

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் செய்தித்தாளைத் திறக்கவே நமக்குப் பயமாக இருக்கிறது. சாதித்த பிள்ளைகளின் படங்களுக்குப் பக்கத்திலேயே, மதிப்பெண் குறைந்ததால் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு பிள்ளையின் செய்தியும் வந்துவிடுகிறது. தற்கொலை ஹராம் என்று மிம்பரில் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் தோல்வி வந்தால் எப்படித் தாங்குவது, மனம் கனத்தால் யாரிடம் சொல்வது என்பதை நம் பிள்ளைகளுக்கு எந்த வயதில், எந்த வகுப்பில் கற்றுக் கொடுத்தோம்?

கணக்கைப் பழக்குவது போல மனதை ஆள்வதையும் பழக்க வேண்டும். இன்றைய வாரம் நாம் சிந்திக்க இருப்பது இதைத்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒரு புதிய பாடம்

1994-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட காஸெல் என்ற அமைப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பழக்க வேண்டிய ஐந்து திறன்களை வகுத்துச் சொல்கிறது. தன் மனதில் ஓடுவதை அறிவது, அதைக் கட்டுப்படுத்துவது, அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது, உறவைப் பேணுவது, பொறுப்போடு முடிவெடுப்பது ஆகியவையே அவை.

நம் நாட்டிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2018 ஜூலை மாதம் டெல்லி அரசுப் பள்ளிகளில் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் என்ற பெயரில், நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை தனிப் பாடவேளை ஒதுக்கினார்கள். முதலில் சில நிமிடங்கள் அமைதியாக அமர்ந்து மூச்சையும் சுற்றியுள்ள ஓசைகளையும் கவனிப்பது. பிறகு ஒரு கதை அல்லது செயல்பாடு. அதையொட்டி, பிள்ளைகள் தம் மனதில் பட்டதைப் பேசுவது. இந்தப் பாடத்திற்குப் பரீட்சை வைக்கப்படவில்லை. பிள்ளை பேசுவதை ஆசிரியர் காது கொடுத்துக் கேட்கும் நேரமாக அது இருந்தது.

நபிகளார் நடத்திய பாடம்

சகோதரர்களே! இது மேல்நாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இந்தப் பாடங்கள் நிறைந்து கிடக்கின்றன.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சின்னக் குருவி வளர்த்தார். அது இறந்துபோனது. சிறுவர் வாடிய முகத்தோடு இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் காரணத்தை விசாரித்தார்கள். பிறகு, அவருடைய பெயரோடு எதுகையாக ஒலிக்கும்படி அந்தக் குருவியைக் குறித்து அன்போடு கேட்டார்கள். ஒரு சமுதாயத்தையே சுமந்தவர்களுக்கு ஒரு சிறுவனின் குருவி சின்ன விஷயமாகப் படவில்லை. நம் பிள்ளை உடைந்த பொம்மைக்கு அழுதால், "இதுக்குப் போய் அழுவாங்களா?" என்றுதானே கேட்கிறோம்?

கோபத்திற்கும் செயல்முறை சொன்னார்கள். நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்ற வழிகாட்டுதல் அபூதாவூதில் பதிவாகி உள்ளது. கோபப்படாதே என்று சொல்வதோடு நிறுத்தாமல், அந்த நேரத்தில் உடம்பை என்ன செய்வது என்றும் காட்டிக் கொடுத்தார்கள். ஏழு வயதுப் பிள்ளையும் செய்யக்கூடிய பயிற்சி இது.

அடுத்தவர் வலியை உணர்வது எப்படி? ஒரு வாலிபர் நபியவர்களிடம் வந்து விபச்சாரத்திற்கு அனுமதி கேட்டார். சுற்றியிருந்தோர் அதட்டினார்கள். நபியவர்களோ அருகில் அழைத்து உட்கார வைத்து, உன் தாய்க்கு இது நடந்தால் விரும்புவாயா, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறகு அவர் மீது கை வைத்து துஆ செய்தார்கள். இச்சம்பவம் முஸ்னது அஹ்மதில் உள்ளது. அந்த வாலிபரைத் திருத்தியது கேள்வியும் அரவணைப்பும்தான்.

ஈமான் இருந்தால் கவலை வராதா?

"ஒழுங்காகத் தொழுதால் மன அமைதி தானாக வரும், இதற்குத் தனிப் பாடம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். யஃகூப் (அலை) அவர்களை விடவா நமக்கு ஈமான்? மகன் யூசுஃபைப் பிரிந்த துக்கத்தில் அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போயின என்று குர்ஆன் சொல்கிறது. அவர்கள் துக்கத்தை மறைக்கவில்லை, அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். மற்ற பிள்ளைகளிடம் நம்பிக்கை இழக்காமல் போய்த் தேடும்படியும் சொன்னார்கள். அழுகை ஈமானுக்குக் குறை அல்ல என்பதை நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாக "ஆம்பளப் பிள்ளை அழக்கூடாது" என்று அடக்கி வளர்க்கப்படும் மகன்களுக்கு, நாம்தான் சொல்ல வேண்டும்.

பள்ளி கட்டுவதை வீடு இடிக்கலாமா?

பள்ளியில் ஆசிரியர் பேசக் கற்றுக் கொடுத்து, வீட்டில் அத்தா வாயை மூடச் சொன்னால் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்? மக்தபில் பிரம்புக்குப் பயந்து ஓதும் பிள்ளை, தன்னை ஒருவன் துன்புறுத்துகிறான் என்று அந்த உஸ்தாதிடமே வந்து சொல்லுமா? பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கூட "ச்சீ" என்று சொன்னதில்லை. நம் மக்தபுகளுக்கு அதைவிட நல்ல நடைமுறை விதி வேண்டியதில்லை.

இன்றிலிருந்து என்ன செய்யலாம்?

• இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியை ஒதுக்கிவிட்டு, "இன்னைக்கு எது சந்தோஷமா இருந்துச்சு, எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். உடனே அறிவுரை சொல்லாமல் முழுவதையும் கேளுங்கள்.
• கோபமா, பயமா, வெட்கமா, பொறாமையா என்று பெயர் சொல்லப் பழக்குங்கள். பெயர் தெரியாத வலியை யாரிடமும் சொல்ல முடியாது.
• நீங்கள் கோபப்படும்போது பிள்ளை பார்க்கும்படி உட்காருங்கள், ஒளூ செய்யுங்கள்.
• தேர்வு முடிவு வரும் முன்பே, "எந்த மார்க் வந்தாலும் நீ எங்க பிள்ளை" என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.
• பிள்ளை சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் மருத்துவரிடம் அழைத்துப் போகத் தயங்க வேண்டாம். டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான 1098 ஆகிய இரண்டும் இலவச உதவி எண்கள். நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் இது. மனதின் நோயும் நோய்தான்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்களுடைய மதிப்பெண்ணைக் கவனிக்கும் அளவுக்கு அவர்கள் முகத்தையும் கவனிப்போம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அமைதியான உள்ளத்தையும், சோதனையில் தளராத உறுதியையும், அவர்களுடைய பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் மனதை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!