கணுக்கால் சுளுக்கு: செய்யத் தக்கவையும் தகாதவையும்

விடியற்காலை இருளில் நிரைக்குச் செல்கையிலும், பால் வாளிகளைக் காண்டாவில் சுமந்து மேட்டிலிருந்து இறங்குகையிலும், ஈர வேரில் கால் மடங்குவது பால்மரத் தொழிலாளர் அறிந்ததே. பாதம் உட்புறமாகப் புரள, வெளிக்கணுவைப் பிணைத்துள்ள நார்கள் நைந்து கிழிகின்றன.

எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து உருவிவிடுவது நம்மவர் வழக்கம். முதல் 2 நாள்களுக்கு அது வேண்டா, வீக்கம் மிகும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒற்றுக. சில மணி நேரத்திற்கொரு முறை இவ்வாறு செய்க. மீள்கட்டுத் துணியை விரலடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுக. விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே தளர்த்துக. படுக்கையில் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தல் நலம்.

நான்கு அடிகள்கூட நடக்க இயலாவிடினும், கணு எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் கடுமையாக வலித்தாலும் எலும்பு முறிந்திருக்கக் கூடும். எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

வலி தணிந்ததும் பலர் பயிற்சியை மறந்து மீண்டும் அதே காலை மடக்கிக்கொள்கின்றனர். நார் கிழிந்த கால், தன் நிலையை உணரும் திறனிலும் குன்றுகிறது. ஆகவே, பெருவிரலால் அகர வரிசையைக் காற்றில் எழுதுக. பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்! பின்னர்ச் சுவரைப் பற்றிக் குதிகாலை உயர்த்துக. ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்கப் பழகுக. தடுமாற்றம் நீங்கும்வரை மேட்டு நிரை வேண்டா.

வேலையில் நேர்ந்த சுளுக்கை மறைக்காமல் அன்றே மண்டோரிடம் அறிவித்திடுக. மலேசியாவில் சொக்சோ காப்புறுதி பெற்றவர், மருத்துவ விடுப்பு விபத்து நாள் உட்பட 4 நாளுக்குக் குறையாதிருப்பின், தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகை கோரலாம்.