டைட்டாக வாசியுங்கள், மறுபடி கூப்பிடுவார்கள்

நீங்கள் எவ்வளவு வேகமாக வாசிப்பீர்கள் என்று எந்த மியூசிக் டைரக்டரும் கேட்பதில்லை. நீங்கள் அனுப்பும் டிராக் அவருடைய செஷனில் போட்டவுடன் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்ய அவருடைய புரோகிராமர் ராத்திரி கண்விழித்தால், அடுத்த பாட்டு வேறொருவருக்குப் போய்விடும். லேப்டாப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இன்று எல்லாக் கிட்டாரிஸ்ட் வீட்டிலும் இருக்கின்றன. போட்டி இனி சுத்தமான டேக்கில்தான்.

1. முதலில் கிட்டாரைக் கவனியுங்கள். பழைய ஸ்டிரிங்கோடு ரெக்கார்டிங்குக்கு உட்காராதீர்கள். 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் அழுத்தி வாசிக்கும் நோட்டும் டியூனரில் ஒன்றாகக் காட்டாவிட்டால் இன்டொனேஷனைச் சரிசெய்யுங்கள். டியூன் பண்ணும்போது மெல்லத் தட்டுவது பலருடைய பழக்கம். பலமாக அடித்தால் சுருதி ஒரு கணம் மேலே ஏறி இறங்கும். அதனால் டேக்கில் எவ்வளவு பலமாக அடிப்பீர்களோ, அதே பலத்தில் அடித்து டியூன் பண்ணுங்கள்.

2. பஃபரைக் குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் தாமதம் ஒரு வழிக்குச் சுமார் 2.7 மில்லிசெகண்ட். 1024 என்றால் 21. போக வர அது 40-ஐத் தாண்டும். 120 டெம்போவில் ஒரு பதினாறாம் நோட்டின் நீளமே 125 மில்லிசெகண்ட்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனால் எப்பேர்ப்பட்ட கையும் தடுமாறும். பழியை உங்கள் டைமிங் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். கனமான பிளகின்களை ஃப்ரீஸ் செய்துவிட்டு ரெக்கார்ட் பண்ணுங்கள்.

3. நோட்டை முடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் இதுதான். எல்லோரும் நோட் தொடங்கும் இடத்தையே கிளிக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். காதுக்கு 'டைட்' என்று படுவதில் பாதி, நோட் எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. வேவ்ஃபார்மைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இரண்டு அடிகளுக்கு நடுவே கோடு தட்டையாக இருக்கிறதா, வால்போல இழுத்துக்கொண்டு போகிறதா? இழுத்தால் இடது கை விரலைத் தூக்காமல் அழுத்தத்தை மட்டும் விடுங்கள். அதே நேரத்தில் வலது உள்ளங்கை பிரிட்ஜ் பக்கம் ஸ்டிரிங்கில் பட வேண்டும். வாசிக்காத ஓப்பன் ஸ்டிரிங் அதிர்கிறதா? நட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹேர்பேண்டைச் சுற்றுங்கள். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் பெரிய ஸ்டுடியோக்களிலும் இதைச் செய்கிறார்கள். டிஸ்டார்ஷனில் கெய்னை உங்கள் ஆசையைவிடக் குறைத்தே வையுங்கள். டிராக்குகள் சேரச் சேர அது தானாகத் தடிமனாகும்.

4. டபுளிங் என்றால் மறுபடி வாசிப்பது. ஒரே டேக்கைக் காப்பி செய்து இடமும் வலமும் போட்டால் அது மோனோவாகவே கேட்கும். காப்பியைக் கொஞ்சம் தள்ளிவைத்து ஏமாற்றலாம், ஆனால் போன் ஸ்பீக்கரில் சத்தம் மெலிந்து குட்டு வெளிப்படும். மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) ஆல்பத்தைக் கேளுங்கள். பேண்டில் கர்க் ஹாமெட் என்ற இன்னொரு கிட்டாரிஸ்ட் இருந்தும், ரிதம் அடுக்குகளை ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டே திரும்பத் திரும்ப வாசித்தார். ஒரே கை, ஒரே டவுன்பிக்கிங். அதனால்தான் அந்தக் கிட்டார் ஒலிச்சுவர் ஒரே கல்லாக நிற்கிறது. இரண்டாவது டேக் வாசிக்கும்போது முதல் டேக்கை ஹெட்போனில் ஒரு பக்கம் கேளுங்கள். எப்படித் தொடங்கினீர்கள் என்பதைவிட எங்கே நிறுத்தினீர்கள் என்பதைப் பின்பற்றுங்கள்.

5. நாலு நாலு பாராக எடுங்கள். முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் வாசித்து யாரிடமும் பெயர் வாங்கப்போவதில்லை. பஞ்ச்-இன் செய்யும்போது ஒரு பார் முன்பே வாசிக்கத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் முதல் அடி மட்டும் தனியாகத் தெரியும். டெம்போ மெதுவாக இருந்தால் கிளிக்கை எட்டாம் நோட்டுக்கு மாற்றுங்கள். டிரம்ஸ் கொஞ்சம் பின்னால் சாய்ந்து வாசிக்கப்பட்டிருந்தால் கிரிட்டை மறந்துவிட்டு டிரம்மரோடு போங்கள். கிரிட்டுக்குச் சரியாக இருந்து டிரம்ஸோடு ஒட்டாத டிராக் யாருக்கும் உதவாது.

6. சத்தமும் லெவலும். 24 பிட், பீக் மைனஸ் 12 டெசிபல் பக்கம் போதும். ஹம் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சிங்கிள் காயில் கிட்டார் என்றால் நாற்காலியைத் திருப்பித் திருப்பிச் சத்தம் குறையும் கோணத்தைக் கண்டுபிடியுங்கள். அக்கூஸ்டிக் எடுக்கும்போது ஃபேனை அணைத்தே ஆக வேண்டும். மே மாதச் சென்னையில் இது கொடுமைதான், அதனால் அக்கூஸ்டிக் வேலையை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

7. டெலிவரி. எல்லா ஃபைலும் முதல் பாரிலிருந்தே தொடங்கட்டும். பெயரில் பாட்டு, டெம்போ, பார்ட் மூன்றும் இருக்கட்டும். 'ஃபைனல் நியூ 2' வேண்டாம். டோன் போட்ட டிராக்கோடு எஃபெக்ட் இல்லாத டிஐ டிராக்கையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் டோனை மாற்ற நினைத்தால் உங்களை மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்காது. ரிவெர்பை மிக்ஸ் இன்ஜினியரிடம் விடுங்கள். எத்தனை கரெக்‌ஷன் வரை சம்பளத்தில் சேரும் என்பதை ரெக்கார்ட் பண்ணுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் ஐந்தாவது கரெக்‌ஷனுக்கும் நீங்கள்தான் இலவசமாக உட்கார வேண்டும்.