வலைப்பக்கம் கட்டுபவரின் தூக்குக்குண்டு

சுவர் எழுப்பும் கொத்தனாரை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? செங்கல்லை வைத்துச் சாந்து பூச அவருக்குக் கரண்டி போதும். ஆனால் நான்கு வரிசை எழும்பியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தூக்குக்குண்டை எடுக்கிறார். "சுவர் நேராகத்தானே தெரிகிறது?" என்று கேட்டால் சிரிப்பார். கண் ஏமாறும், குண்டு ஏமாறாது.

வலைப்பக்கங்களை வடிவமைப்பவரின் தொழிலும் இத்தகையதே. அவரிடமும் இருவகைக் கருவிகள் உண்டு. ஒருவகை, கட்டுவதற்கு, மற்றொருவகை, அளப்பதற்கு. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் முதல் வகையையே விரும்புவார்கள். அனுபவம் முதிர முதிர, இரண்டாவது வகைதான் கைக்கு நெருங்கிய கருவியாகிறது. ஏன் என்று பார்ப்போமா?

கட்டும் கருவிகள்

சுவிட்சர்லாந்து நாட்டில், ஜெனீவா நகருக்கு அருகே செர்ன் என்னும் அணு ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989ஆம் ஆண்டு உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். வலைப்பக்கத்தை எழுத அவர் வகுத்த குறிமொழியே ஹெச்.டி.எம்.எல். 'இது தலைப்பு', 'இது பத்தி', 'இது பட்டியல்' என்று ஒவ்வொரு பகுதிக்கும் அது அடையாளச் சீட்டு ஒட்டுகிறது.

அடையாளம் சரி, அழகு? தலைப்பின் நிறம், எழுத்தின் அளவு ஆகியவற்றைத் தனியே எழுதி வைக்கும் முறையை 1994இல் ஹோகன் வியூம் லீ முன்மொழிந்தார். அதுவே சி.எஸ்.எஸ். இதனால் விளைந்த நன்மை பெரிது. 50 பக்கங்களில் உள்ள தலைப்புகளின் நிறத்தை மாற்ற வேண்டுமா? 50 இடங்களில் திருத்த வேண்டியதில்லை. ஒரே இடத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

இவற்றை எழுத 'எடிட்டர்' என்னும் மென்பொருள் வேண்டும். 1991இல் வந்த 'விம்', 2015இல் வந்த 'விஷுவல் ஸ்டூடியோ கோட்' ஆகியவை பலரும் விரும்பும் எடிட்டர்கள். 'எம்மெட்' என்னும் சுருக்கெழுத்து முறை இன்னொரு கைத்துணை. ஐந்து வரிகள் கொண்ட ஒரு பட்டியலுக்குத் தொடக்கமும் முடிவுமாக 12 அடையாளச் சீட்டுகள் தேவை. சில எழுத்துகளை மட்டும் தட்டி 'டேப்' விசையை அழுத்தினால், பன்னிரண்டும் தாமே விரிந்துவிடும்.

இவையெல்லாம் கையின் வேகத்தைக் கூட்டுகின்றன. ஆனால் பக்கம் சரியாக இருக்கிறதா என்று இவை சொல்வதில்லை. மழை வெள்ள எச்சரிக்கையைப் படிக்க ஒருவர் மலிவான கைப்பேசியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து மங்கலாக இருந்தாலோ, பக்கம் வந்து சேரத் தாமதமானாலோ, எவ்வளவு வேகமாகக் கட்டியிருந்து என்ன பயன்? ஆகவே இனி அளக்கும் கருவிகளைப் பார்ப்போம்.

முதல் அளவு: எழுத்து தெரிகிறதா?

எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்புலத்தின் ஒளிர்வுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணால் குறிக்கலாம். அதற்கு ஓர் எளிய விதி உண்டு. முழு வெள்ளையின் ஒளிர்வு 1. முழுக் கறுப்பின் ஒளிர்வு 0. இரண்டு நிறங்களின் ஒளிர்வுடனும் 0.05ஐக் கூட்டுங்கள். பெரியதைச் சிறியதால் வகுங்கள். கிடைப்பதே வேறுபாட்டு விகிதம்.

வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து: 1.05ஐ 0.05ஆல் வகுத்தால் 21. இதைவிட அதிக விகிதம் கிடையாது.

வண்ணங்களுக்கு? நமது கண் பச்சை ஒளியை மிகுதியாகவும், நீல ஒளியை மிகக் குறைவாகவும் உணர்கிறது. அதனால் திரையில் தோன்றும் முழுப் பச்சையின் ஒளிர்வு 0.7152, முழுச் சிவப்புக்கு 0.2126, முழு நீலத்துக்கு 0.0722. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். சரியாக 1, அதாவது வெள்ளை!

இப்போது வெள்ளைப் பின்புலத்தில் இவற்றின் விகிதங்களைக் கணக்கிடுவோம். நீலம் 8.6, சிவப்பு 4.0, பச்சை 1.4. சிவப்பும் பச்சையும் சேர்ந்த மஞ்சளுக்கோ 1.07 மட்டுமே. வெள்ளைத் தாளில் மஞ்சள் சாக்கட்டியால் எழுதியதைப் போலத்தான்!

வலைத் தர அமைப்பான டபிள்யூ.3.சி. 2008இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, சாதாரண எழுத்துக்கு இந்த விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3 போதும். பளிச்சென்று தோன்றும் சிவப்பே பத்தி எழுத்துக்குத் தேறவில்லை, பார்த்தீர்களா? தலைப்புக்கு மட்டுமே அது ஆகும். பார்வை குறைந்தவர்களையும், வயதானவர்களையும், நடு வெயிலில் திரையைப் பார்ப்பவர்களையும் எண்ணி வகுத்த அளவு இது. வடிவமைப்பாளருக்குக் கண் நன்றாகத் தெரியலாம். அவர் நல்ல திரையின் முன், நிழலில் அமர்ந்திருக்கலாம். அவருடைய கண் இங்கே சாட்சி ஆகாது.

இடைப்பட்ட சாயல்களுக்கு இன்னும் ஒரு படி கணக்கு உண்டு. குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகளில் உள்ள 'டெவலப்பர் கருவிகள்' அதைத் தாமே செய்து, விகிதத்தைக் காட்டிவிடும். கணிப்பொறியில் 'எஃப் 12' விசையை அழுத்தினால் இக்கருவிகள் திறக்கும்.

இரண்டாவது அளவு: பக்கத்தின் எடை என்ன?

ஒரு புகைப்படம் 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் கொண்டது எனக் கொள்வோம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். பக்கத்தில் அது 800க்கு 600 என்ற அளவில்தான் தோன்றுகிறது என்றால், தேவைப்படுபவை 4 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிகளே. அதாவது 25இல் ஒரு பங்கு!

படத்தின் கோப்பு 3 மெகாபைட் என்றால், அது 24 மெகாபிட். நொடிக்கு 2 மெகாபிட் வரும் இணைப்பில் வந்து சேர 12 நொடி ஆகும். முன்பே சுருக்கி அனுப்பினால் ஏறக்குறைய அரை நொடிதான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கண் இங்கேயும் ஏமாறுகிறது. டெவலப்பர் கருவிகளோ ஒவ்வொரு கோப்பின் எடையையும், அது வந்து சேர எடுத்த நேரத்தையும் பட்டியலிடுகின்றன. மெதுவான இணைப்பில் பக்கம் எப்படி வரும் என்று நடித்தும் காட்டுகின்றன.

மூன்றாவது அளவு: பிழை எங்கே புகுந்தது?

ஆயிரம் திருத்தங்கள் செய்த ஒரு தளம் திடீரெனக் கோணலாகத் தெரிகிறது. எந்தத் திருத்தத்தால் வந்த வினை? ஒவ்வொன்றாகப் பார்த்தால் பொழுது போய்விடும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவி, வடிவமைப்பாளர் பதிவு செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் வரிசையாகச் சேமித்து வைக்கிறது. அதில் 'பைசெக்ட்' என்றொரு கட்டளை உண்டு. அது நடுவில் உள்ள 500ஆவது நிலையை எடுத்துக் காட்டும். 'இதில் பிழை இல்லை' என்று நீங்கள் சொன்னால், முதல் 500ஐ விட்டுவிட்டு, மீதியின் நடுவுக்குப் போகும். ஒவ்வொரு கேள்விக்கும் தேட வேண்டிய இடம் பாதியாகிறது. 2ஐப் பத்து முறை பெருக்கினால் 1024 அல்லவா? ஆகவே ஆயிரத்தில் ஒளிந்த பிழையைப் பத்தே சோதனைகளில் பிடித்துவிடலாம்.

இப்போது புரிந்திருக்கும். கையை விரைவாக்கும் தந்திரம் சில நிமிடங்களை மிச்சப்படுத்தும். அளவெடுக்கும் பழக்கமோ, நாம் ஒருபோதும் சந்திக்காத ஒரு வாசகரின் நேரத்தையும் கண்களையும் காக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. நீலப் பின்புலத்தில் மஞ்சள் எழுத்தின் விகிதம் என்ன? (மஞ்சளின் ஒளிர்வு 0.9278.) பத்தி எழுத்துக்கு அது தேறுமா?

2. நீலப் பின்புலத்தில் சிவப்பு எழுத்து எழுதலாமா? முதலில் கண்ணால் முடிவு செய்யுங்கள், பிறகு கணக்கிடுங்கள்.

3. உங்கள் நண்பர் 1 முதல் 1000 வரை ஓர் எண்ணை நினைக்கட்டும். 'ஆம்', 'இல்லை' என்ற விடைகளை மட்டும் பெற்றுப் பத்துக் கேள்விகளுக்குள் அதைக் கண்டுபிடியுங்கள்.

(விடைகள்: 1. விகிதம் 8.0, தேறும். 2. விகிதம் 2.1, கூடாது.)